வாசகர் கேட்டவை: புகையும் கடலும் சேர்ந்த காவோசியுங்

தைவானின் தெற்குத் துறைமுகமான காவோசியுங் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு இரண்டே வரிகளில் பதில் சொல்லியிருந்தோம். அது போதவில்லை என்று கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

தைவான் என்றாலே தைப்பேயும் சிப் ஆலைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. காவோசியுங்கைத் தொழில் நகரம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே தொழில் வந்து சேர்ந்தது எப்படி?
— வாசகர், ஓசூர்

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். தீவின் தென்மேற்குக் கரையில், கடக ரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கும் இந்நகரில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் வசிக்கிறார்கள். 2010 டிசம்பரில், சுற்றியிருந்த அதே பெயருடைய மாவட்டமும் நகருடன் இணைக்கப்பட்டதால், இன்றைய மாநகர எல்லை துறைமுகத்தில் தொடங்கி 3,952 மீட்டர் உயரமுள்ள யூஷான் மலைவரை போகிறது. வரைபடத்தைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். மக்கள் நெருங்கி வாழ்வதும் ஆலைகள் இருப்பதும் கடலோரச் சமவெளியில்தான்.

கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் சிஜின் என்ற மணல் திட்டு, கடல் அலைகளை வெளியே நிறுத்திவிட்டு, உட்புறத்தில் அமைதியான ஒரு காயலை விட்டுவைத்திருக்கிறது. துறைமுகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? 1895 முதல் 1945 வரை தைவானை ஆண்ட ஜப்பானியர், தீவின் சர்க்கரையையும் அரிசியையும் தங்கள் நாட்டுக்கு ஏற்றிச் செல்வதற்காக 1908-இல் இந்தக் காயலை ஆழப்படுத்தும் பெரும்பணியைத் தொடங்கினார்கள். துறைமுகத்தின் அருகிலேயே எழும் ஷோவ்ஷான் குன்று பவளச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. ஆகவே 1917-இல் சிமென்ட் ஆலையும் வந்தது. போரின் முடிவில் துறைமுகத்தின் நீரடியில் மூழ்கிய கப்பல்களே நிறைந்திருந்தன. அவற்றைத் தூக்கி உடைத்துப் பழைய இரும்பாக விற்கத் தொடங்கியதிலிருந்து கப்பல் உடைப்புத் தொழில் வேர்விட்டது. 1970களிலும் 80களின் முற்பாதியிலும் உலகில் வேறெங்கும் உடைக்கப்படாத அளவுக்கு இங்கே கப்பல்கள் உடைக்கப்பட்டன. 1986-இல் ஓர் எண்ணெய்க் கப்பலில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர்கள் மாண்டபின் அத்தொழில் விரைவாகச் சுருங்கி, தெற்காசியக் கரைகளுக்கு இடம்பெயர்ந்தது.

கனரகத் தொழில்கள் இங்கே குவிந்ததற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. தைவானில் இரும்புத்தாது இல்லை, கச்சா எண்ணெய் பெயரளவுக்குத்தான் கிடைக்கும், நிலக்கரியும் போதாது. எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டுமென்றால், இறங்கும் இடத்திலேயே உலையை மூட்டுவதுதான் சிக்கனம். 1971-இல் நிறுவப்பட்ட சைனா ஸ்டீல் என்ற எஃகு நிறுவனமும், 1973-இல் தொடங்கிய கப்பல் கட்டும் நிறுவனமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பும், அதைப் பின்தொடர்ந்த பெட்ரோ ரசாயன ஆலைகளும் இந்தக் கணக்கின்படியே துறைமுகத்தைச் சுற்றி அமர்ந்தன. 1990களில் ஹாங்காங், சிங்கப்பூர் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகின் மூன்றாவது பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகமாக இருந்த காவோசியுங், சீனத் துறைமுகங்களின் எழுச்சிக்குப் பின் பட்டியலில் வெகுவாகக் கீழிறங்கிவிட்டது. மக்கள்தொகையிலும் 2017-இல் தைச்சுங் நகரம் இதை முந்திச் சென்றது. பழைய பெருமை பேசும் முதியவர்களை அங்கே நிறையச் சந்திக்கலாம்.

பின்னலாடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அந்த நகரின் ஏற்றுமதி ஆலைகளில் பெண்கள்தான் பெரும்பான்மையாக வேலை செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?
— வாசகி, திருப்பூர்

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. துறைமுகத்தை ஒட்டிய சியென்ஜென் பகுதியில் 1966-இல் தைவானின் முதல் ஏற்றுமதி உற்பத்தி மண்டலம் திறக்கப்பட்டது. மூலப்பொருளும் இயந்திரமும் சுங்கவரி இல்லாமல் உள்ளே வரும். தைத்த உடையும் பொருத்திய மின்னணுச் சாதனமும் அப்படியே கப்பலேறும். வெளிநாட்டு முதலீட்டாளர்களை ஈர்த்தது இந்த வரிச்சலுகை மட்டுமன்று, மலிவான கூலிக்குக் கிடைத்த இளம்பெண்களின் உழைப்பும்தான். கிராமங்களிலிருந்து வந்த பதின்பருவத்துப் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் தம்பிகளின் படிப்பு நடந்தது என்பது அந்தத் தலைமுறையின் பொதுக்கதை.

சிஜின் திட்டில் வாழ்ந்த பெண்களுக்கு வேலைக்குப் போகப் படகை விட்டால் வழியில்லை. 1973 செப்டம்பர் 3-ஆம் தேதி காலையில், அனுமதிக்கப்பட்டதைவிடப் பன்மடங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஒரு சிறிய படகு துறைமுக நீரில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 25 பேர். அத்தனை பேரும் மணமாகாத இளம் பெண் தொழிலாளர்கள். வேலைக்குத் தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம் என்ற நிலையில், அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம் என்று எவருக்குத் தோன்றியிருக்கும்?

அங்குள்ள மரபின்படி மணமாகாமல் இறந்த பெண்ணின் பெயர் பொறித்த வழிபாட்டுப் பலகையைப் பிறந்த வீட்டின் மூதாதையர் பீடத்தில் வைப்பதில்லை. ஆகவே 25 பேரும் சிஜினில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பல ஆண்டுகள் அந்த இடத்துக்கு 'இருபத்தைந்து கன்னியர் கல்லறை' என்றே பெயர். இரவில் அவ்வழியே செல்லும் ஆண்களைப் பேய் பிடிக்கும் என்ற கதைகளும் கிளம்பின. வேலைக்குப் போகும் வழியில் இறந்தவர்களைக் கன்னித்தன்மையை வைத்து நினைவுகூர்வது என்ன நியாயம் என்று பெண்ணுரிமை அமைப்பினர் தொடர்ந்து கேட்டதன் பயனாக, 2008-இல் அந்த இடம் 'உழைக்கும் பெண்கள் நினைவுப் பூங்கா' என்று மாற்றப்பட்டது. சிஜினுக்குக் கடலுணவு தேடிப் போகும் பயணிகளில் பலர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரசாயன ஆலைகளின் அருகில் குடியிருப்பவன் நான். இத்தனை ஆலைகளை வைத்துக்கொண்டு அந்த ஊர் மக்கள் எப்படித்தான் மூச்சு விடுகிறார்கள்? எதிர்ப்பே இல்லையா?
— வாசகர், எண்ணூர்

எதிர்ப்பு இல்லாமலா? தைவானின் சுற்றுச்சூழல் போராட்ட வரலாற்றை இந்த நகரைத் தவிர்த்துவிட்டு எழுதவே முடியாது.

நகரின் வடக்கில், நான்ஸி பகுதியிலுள்ள ஹோவ்ஜின் என்ற பழைய குடியிருப்பின் பக்கத்தில், ஜப்பானியக் கடற்படை அமைத்த எரிபொருள் கிடங்கின் தொடர்ச்சியாக அரசு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வந்தது. நிலத்தடி நீரில் எண்ணெய் மிதந்தது; காற்றில் நாற்றம். 1987-இல், அங்கே ஐந்தாவது நாப்தா உடைப்பு ஆலையையும் (கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவைப் பிளாஸ்டிக் போன்றவற்றின் மூலப்பொருளாக மாற்றும் ஆலை) கட்டப்போவதாக அறிவிப்பு வந்தபோது மக்கள் பொறுமை இழந்து ஆலையின் மேற்கு வாயிலை மறித்து உட்கார்ந்தார்கள். நாட்டில் 38 ஆண்டுகள் நீடித்த இராணுவச் சட்டம் அந்த ஆண்டு ஜூலையில்தான் நீக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் அவர்களின் துணிவு விளங்கும். மறியல் மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஊர்க்கோயிலின் தெய்வங்களைப் போராட்டத்துக்குத் துணையாக அழைத்தார்கள்; ஊரளவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், அதிலும் எதிர்ப்பே வென்றது. 1990-இல் அன்றைய பிரதமர் ஹாவ் பெய்ட்சுன் அங்கே வந்து ஓர் இரவு தங்கிச் சென்றபின், 150 கோடி தைவான் டாலர் ஊர்நல நிதியும், 25 ஆண்டுகளில் சுத்திகரிப்பு ஆலை முழுவதும் அகற்றப்படும் என்ற உறுதியும் தரப்பட்டன. அதோடு அந்த ஐந்தாவது ஆலையும் கட்டப்பட்டது.

அதாவது, மக்கள் தோற்றார்கள் என்றும் சொல்லலாம், வென்றார்கள் என்றும் சொல்லலாம். 25 ஆண்டுகளில் எத்தனை அமைச்சரவைகள் மாறியிருக்கும், கெடுவை நீட்டிக்கச் சொல்லி எத்தனை குரல்கள் எழுந்திருக்கும்! ஆனால் ஹோவ்ஜின்காரர்கள் தேதியை மறக்கவில்லை. 2015 இறுதியில் ஆலை மூடப்பட்டது. மாசுபட்ட மண்ணைத் துப்புரவு செய்யும் வேலை தொடர, அதே நிலத்தின் ஒரு பகுதியில் தைவானின் பெரிய சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி 2 நானோமீட்டர் சிப் ஆலையை எழுப்பியிருக்கிறது. ஆலைக்கு எதிராகப் பேசுபவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹோவ்ஜின்தான் நினைவுக்கு வருகிறது: ஒரு தொழில் போன இடத்தில் இன்னொரு தொழில் வரத்தான் செய்தது.

எல்லாக் கதைகளும் இப்படி முடியவில்லை. 2014 ஜூலை 31 இரவில், சியென்ஜென், லிங்யா பகுதிகளின் வீதிகளில் எரிவாயு நாற்றம் வீசுவதாகப் புகார்கள் வந்தன. தீயணைப்புப் படையினர் வந்து நீரைப் பீய்ச்சினார்கள். ஆனால் கசிவது என்ன வாயு, எந்தக் குழாயிலிருந்து என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கசிந்தது புரொப்பிலீன் என்ற எளிதில் தீப்பற்றும் வாயு. மழைநீர் வடிகால் பெட்டியின் ஊடாகச் சென்ற ஒரு நிலத்தடிக் குழாய் ஈரத்தில் அரித்துப் போயிருந்தது. வடிகால் நெடுகப் பரவிய வாயு நள்ளிரவுக்குச் சற்றுமுன் பற்றிக்கொண்டபோது, பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையே பிளந்து மேலெழுந்தது. கார்கள் மாடிகளுக்குப் பறந்தன. தீயணைப்பு வீரர்கள் உட்பட 32 பேர் இறந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

தங்கள் வாசற்படிக்கு அடியில் ரசாயனக் குழாய் போகிறது என்பது அந்த வீதிக்காரர்கள் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. பின்னர் நகர நிர்வாகம் நிலத்தடிக் குழாய்களுக்கென்று தனி விதிகளை இயற்றி, குழாய் வைத்திருக்கும் நிறுவனங்கள் தலைமையகத்தைக் காவோசியுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. ஆலைகள் இங்கே, தலைமையகங்கள் தைப்பேயில் என்பதால் புகை தெற்கில் தங்க வரி வடக்கே போகிறது என்பது இந்நகரின் நெடுநாள் ஆதங்கம்.

மூச்சு விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோடையில் தென்மேற்குக் காற்றும் மழையும் வானத்தைக் கழுவிவிடும். குளிர்காலத்தில்தான் தொல்லை: வடகிழக்குப் பருவக்காற்றை மத்திய மலைத்தொடர் தடுத்துவிடுவதால் தென்மேற்குச் சமவெளியில் காற்று அசையாமல் நிற்கும், நுண்துகள்கள் தேங்கும். ஆலைகளும் துறைமுகமும் முன்னும் பின்னும் சூழ்ந்திருக்கும் தாலின்பூ என்ற பழைய மீனவர் குடியிருப்பை மொத்தமாக இடம்பெயர்க்கும் திட்டத்தை அரசு கையில் எடுத்திருக்கிறது. ஊரை இடம்பெயர்ப்பதா, ஆலையை இடம்பெயர்ப்பதா என்ற கேள்விக்கு ஹோவ்ஜினுக்கு ஒரு விடை, தாலின்பூவுக்கு இன்னொரு விடை.

காதல் ஆறு என்று ஒன்று அங்கே இருக்கிறதாமே, அவ்வளவு அழகானதா?
— வாசகர், கும்பகோணம்

இரவில் அழகானது, விளக்குகளும் சுற்றுலாப் படகுகளும் கரையோர நடைபாதையும் உண்டு. ஒரு காலத்தில் கழிவுநீரும் மரக்கட்டைகளும் மிதந்த சாக்கடை அது. 1970களின் இறுதியிலிருந்து கழிவுநீரை இடையில் மறித்துத் திருப்பும் குழாய்களைப் பதித்துப் படிப்படியாக மீட்டார்கள். குளிக்க இறங்கிவிடாதீர்கள்.

என் மகள் முதுகலைப் படிப்புக்காகக் காவோசியுங் செல்கிறாள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும் என்றெல்லாம் சொல்கிறாள், நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

நம்புங்கள், அம்மா. மாலையில் குறித்த நேரத்துக்குப் பீத்தோவனின் பியானோ இசைத்துணுக்கு ஒன்றை ஒலிபெருக்கியில் ஒலித்தபடி மஞ்சள் நிற லாரி தெருவுக்குள் நுழையும். ஐந்து நிமிடத்துக்கு முன்பே தெருமுனையில் கூட்டம் கூடியிருக்கும்: வீட்டுச் செருப்போடு வந்த தாத்தா, சீருடை மாற்றாத பள்ளிப் பிள்ளை, முதலாளி வீட்டு மூட்டைகளோடு இந்தோனேசியப் பணிப்பெண். குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. அவரவர் கையால் லாரியின் பின்வாயில் எறிய வேண்டும். பின்னாலேயே வரும் இரண்டாவது வண்டியில் காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் தனியே. சமையல் கழிவுக்குத் தனி வாளி. அதிலும் சமைத்ததும் சமைக்காததும் வேறுவேறு. தைப்பேயில் போல விலைகொடுத்து வாங்கும் அரசுப் பை இங்கே தேவையில்லை. குப்பைக் கட்டணம் தண்ணீர் ரசீதுடன் சேர்ந்து வந்துவிடும். அந்தப் பத்து நிமிடக் கூட்டத்தில்தான் பக்கத்து வீட்டாரின் பெயர், வாடகை நிலவரம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரியவரும். மகளுக்கு மாலை வகுப்பு இருந்தால், குப்பையைத் தானே வாங்கி வைக்கும் காவலர் உள்ள அடுக்ககமாகப் பார்த்து அறை எடுப்பது நல்லது.

குடிநீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காவோசியுங்கின் குழாய்நீர் கடினநீர் என்ற பெயர் நெடுநாளாக உண்டு. இப்போது எவ்வளவோ மேம்பட்டும் மக்கள் மனம் மாறவில்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் தண்ணீர் நிலையங்களில் நாணயத்தைப் போட்டு, பெரிய பிளாஸ்டிக் கேனில் வடிகட்டிய நீரை நிரப்பி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் இருத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஸ்கூட்டர் இல்லாமல் இந்த ஊரைக் கற்பனை செய்ய முடியாது. 27 லட்சம் மக்கள் உள்ள இடத்தில் ஏறத்தாழ 20 லட்சம் இருசக்கர வண்டிகள். அங்கே வாகனங்கள் வலப்புறமாகச் செல்லும். பெரிய சந்திப்புகளில் ஸ்கூட்டர்கள் நேரடியாக இடப்பக்கம் திரும்பக் கூடாது. நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர்மூலையில் வெள்ளைக் கோட்டால் வரைந்த கட்டத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அந்தத் திசைக்குப் பச்சை விழும்வரை காத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் அபராதம் கட்டும் முதல் இடம் இதுதான். கடைவீதிகளில் கட்டடத்தின் கீழ்த்தளம் உள்வாங்கி, நிழலும் மழைமறைவும் தரும் தூண் வரிசை நடைபாதையாக இருக்கும். அதன் பாதியை ஸ்கூட்டர்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் நடப்பவர் வெயிலுக்கே தள்ளப்படுவார். மெட்ரோ ரயில் 2008-இல் வந்தது. நகரைச் சுற்றி வரும் 22 கிலோமீட்டர் இலகு ரயில் வட்டம் 2024 ஜனவரி 1-இல் முழுமை பெற்றது. இந்த ரயிலுக்கு மேலே மின்கம்பி கிடையாது. நிறுத்தத்தில் நிற்கும் சில நொடிகளிலேயே மின்னேற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தம்வரை ஓடும். பழைய துறைமுகச் சரக்கு ரயில்பாதையின் தடத்தில்தான் அதன் ஒரு பகுதி செல்கிறது. மகள் முதல் சில மாதங்கள் இவற்றிலேயே போய்வரட்டும்.

காலை உணவை வீட்டில் சமைப்பவர்கள் குறைவு. விடியற்காலையிலேயே திறக்கும் சிற்றுண்டிக் கடைகளில் முட்டை பரப்பிச் சுருட்டிய மெல்லிய மாவுரொட்டியும் சோயாப் பாலும் கிடைக்கும். மதியத்துக்கு அட்டைப்பெட்டிச் சாப்பாடு, 100 தைவான் டாலர் அளவில். மின்கட்டணம் கட்டுவது, பார்சல் பெறுவது, ரயில் சீட்டு எடுப்பது ஆகிய எல்லாமே இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சிறுகடைகளில் முடிந்துவிடும். கடைக்காரர் தரும் ரசீதைக் கசக்கி எறிய வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். வணிகர்கள் விற்பனையை மறைக்காமல் இருப்பதற்காக 1951-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு ரசீது எண்ணும் அரசுக் குலுக்கலில் சேர்கிறது. இரு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் குலுக்கலில் உச்சப் பரிசு ஒரு கோடி தைவான் டாலர்.

சிறிய அளவில் போல்ட், நட்டு செய்யும் பட்டறை நடத்துகிறேன். தைவான் திருகாணிகளோடு விலையில் போட்டியிட முடிவதில்லை. அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

அவர்களிடம் காங்ஷான் இருக்கிறது. காவோசியுங்கின் வடபகுதியிலுள்ள காங்ஷானிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் திருகாணித் தொழில் செறிந்து கிடக்கிறது. தைவானுக்குத் 'திருகாணி அரசு' என்ற பெயரே உண்டு. தெற்கே சைனா ஸ்டீல் ஆலையிலிருந்து கம்பிச்சுருள் வருகிறது. ஒருவர் அதை அமிலத்தில் கழுவிக் கம்பியை இழுத்து மெலிதாக்குகிறார். அடுத்த பட்டறையில் சூடுபடுத்தாமலே தலை அடிக்கிறார்கள். இன்னொன்றில் மரை உருட்டுகிறார்கள். பிறகு வெப்பப் பதப்படுத்தல், முலாம், சோதனை, பெட்டியில் அடைத்தல். இவற்றில் பல வேலைகளை வெவ்வேறு குடும்ப நிறுவனங்களே செய்கின்றன. அச்சு தயாரிப்பவரும் தலையடிக்கும் இயந்திரத்தைக் கட்டுபவரும்கூட அருகிலேயே இருக்கிறார்கள். அச்சு உடைந்தால் காலையில் சொல்லி மாலையில் வாங்கிவிடும் தொலைவு. ஏற்றுமதிக்குத் துறைமுகமும் அதே ஊரில்.

ஆனால் விலையில் அவர்களே சீனத்தோடு திணறிப்போய், வாகனம், விமானம், மருத்துவம் ஆகிய துறைகளுக்கான நுட்பமான திருகாணிகளை நோக்கி நகர்ந்திருக்கிறார்கள். விலையை எண்ணி மனம் தளர்வதைவிட, பதப்படுத்தலும் முலாமும் செய்யும் அண்டைப் பட்டறைகளோடு நீங்கள் எவ்வளவு இணைந்து வேலை செய்கிறீர்கள் என்று பார்ப்பது பயன்தரும் என்பது என் எண்ணம். போகிற போக்கில் ஒன்று: காங்ஷானுக்குத் திருகாணிக்கு முன்பே பெயர் வாங்கித் தந்தவை ஆட்டுக்கறியும் காரமான அவரை விழுதும் தேனும்.

ஐடிஐ முடித்திருக்கிறேன். தைவான் ஆலையில் வேலை, உடனே பணம் கட்டு என்று ஒரு முகவர் சொல்கிறார். என் அண்ணனை மீன்பிடிக் கப்பலுக்கும் கேட்கிறார். போகலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

தம்பி, பணத்தைக் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். இந்தியத் தொழிலாளர்களைத் தைவானில் வேலைக்கு அமர்த்துவது குறித்த புரிந்துணர்வு ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் கையெழுத்தானது. அது வழிமுறைக்கான தொடக்கம்தான். எந்த முகவரின் வாய்ச்சொல்லுக்கும் அது உத்தரவாதம் ஆகாது. நமது வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்; சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

தைவானில் இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து நாடுகளைச் சேர்ந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும். 2026-இல் அது மாதம் 29,500 தைவான் டாலர். இதிலிருந்து தங்குமிடம், காப்பீடு, முகவரின் மாதக் கட்டணம் ஆகியவை கழியும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தங்குமிடம் சிறிய விஷயமன்று. 2005 ஆகஸ்டில் காவோசியுங் மெட்ரோவைக் கட்டிக்கொண்டிருந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள், விடுதியின் கெடுபிடிகள் பொறுக்காமல் கலகம் செய்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று நாட்டின் தொழிலாளர் நலத் தலைவரே பதவி விலக நேர்ந்தது.

அண்ணனின் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. சியென்ஜென் மீன்பிடித் துறைமுகம் தைவானின் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குத் தலைவாசல். சூரை, கணவாய் பிடிக்க மாதக்கணக்கில் கடலிலேயே இருக்கும் கப்பல்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. வெளிநாட்டில் வைத்தே அமர்த்தப்படும் கப்பல் தொழிலாளிக்கு மேற்சொன்ன ஊதியச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 2022-இல் உயர்த்தி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் 550 அமெரிக்க டாலர் மட்டுமே. கரையில் கிடைக்கும் தொகையில் அது பாதியை ஒட்டித்தான் வரும். ஒப்பந்தத்தில் 'ஆலை' என்று இருக்கிறதா, 'கப்பல்' என்று இருக்கிறதா என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

அங்குள்ள மெட்ரோ நிலையம் ஒன்று உலகின் மிக அழகான நிலையங்களில் ஒன்று என்று படித்தேன். உண்மையா?
— வாசகி, சேலம்

மெய்லிடாவ் நிலையத்தைச் சொல்கிறீர்கள். இத்தாலியக் கலைஞர் நார்சிசஸ் குவாலியாட்டா உருவாக்கிய, 30 மீட்டர் விட்டமுள்ள வண்ணக் கண்ணாடிக் கூரை அதன் சிறப்பு. அழகைவிட அதன் பெயர் முக்கியமானது. 1979 டிசம்பர் 10-ஆம் நாள், மனித உரிமை தினத்தன்று, 'மெய்லிடாவ்' என்ற எதிர்க்கட்சிச் சார்பு இதழைச் சேர்ந்தவர்கள் அந்தச் சந்திப்பை ஒட்டி நடத்திய கூட்டத்தை அரசு ஒடுக்கி, பலரைச் சிறையில் தள்ளியது. சிறை சென்றவர்களில் ஒருவரான சென் சூ என்ற பெண்மணி, மேலே சொன்ன 2005 கலகத்தின்போது பதவி விலகிய அதே தொழிலாளர் நலத் தலைவர். அடுத்த ஆண்டே தேர்தலில் வென்று, 2018 வரை காவோசியுங்கின் மேயராக இருந்தார். இந்த ஊர் வாக்காளர்கள் எளிதில் மறப்பவர்களும் அல்லர். 2018-இல் பெரும் ஆரவாரத்தோடு தேர்ந்தெடுத்த மேயர் ஹான் குவோயூவை 2020 ஜூனில் வாக்களித்தே பதவியிலிருந்து நீக்கினார்கள்.

நாங்கள் சைவம். அங்கே பட்டினிதானா? எந்த மாதத்தில் போனால் நல்லது?
— வாசகர், மயிலாடுதுறை

பட்டினி இல்லை. பௌத்தமும் அதை ஒட்டிய பக்தி நெறிகளும் பரவிய நாடு என்பதால் சைவ உணவகங்கள் ஏராளம். பல கடைகளின் பெயர்ப்பலகையில் ஸ்வஸ்திக் குறி இருக்கும், அதுவே அடையாளம். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத கடைகள் உண்டு. ஆனால் முட்டையும் பாலும் சிலவற்றில் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டிய கறிவகைகளைத் தட்டில் எடுத்து எடைபோட்டுக் காசு கொடுக்கும் கடைகள் மலிவானவை. சாதாரணக் கடையில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டு வாங்கினால் பன்றிக்கொழுப்பில் வதக்கித் தந்துவிடுவார்கள். தாஷூ பகுதியில் 1967-இல் தொடங்கப்பட்ட ஃபோ குவாங் ஷான் பௌத்த மடத்தில் சைவ உணவு கிடைக்கும், பேருந்தில் போய்வரலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழையில்லை, வெயிலும் கடுமையாக இராது. ஆனால் முன்னரே சொன்ன மாசுக்காலம் அதுதான். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் எடுத்துச் செல்ல வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம்வரை புயல்காலம். 2024 அக்டோபர் 3-இல் கிராத்தோன் புயல் காவோசியுங்கிலேயே கரையைக் கடந்தது. புயல் வருகிறதென்றால் மறுநாள் அலுவலகமும் பள்ளியும் உண்டா என்பதை ஒவ்வொரு நகர நிர்வாகமும் பெரும்பாலும் முந்தைய நாள் இரவே அறிவித்துவிடும். அன்று சிஜின் படகும் ஓடாது. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், தேதி மாற்றக்கூடிய விமானச் சீட்டாக எடுங்கள்.